ஒப்பந்தம் கைமாறுமுன் விலையைக் குறைக்கக் கேட்பது

விற்பவர் தனக்கு வேறு வீடு அமையாமல் ஐந்து மாதம் இழுத்ததில் உங்கள் கடன் ஒப்புதல் காலாவதியாகி வட்டி கூடிவிட்டது. 3,40,000 பவுண்டில் 8,000 குறைக்கச் சொல்லலாமா என்கிறீர்கள். தாராளமாகக் கேளுங்கள். இங்கிலாந்தில் ஒப்பந்தங்கள் கைமாறும்வரை, அதாவது இரு தரப்பும் கையெழுத்திட்ட பிரதிகளை மாற்றிக்கொள்ளும்வரை, பேசிய விலை யாரையும் கட்டாது. விற்பவரையும்தான்: அவர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டால் சர்வே (வீட்டின் நிலையைச் சோதிப்பது), சொலிசிட்டர் (வீட்டுப் பத்திர வேலை பார்க்கும் வக்கீல்) செலவு உங்கள் தலையில்.

கேட்குமுன் கணக்கைப் பாருங்கள். முதல் வீடு, 90% கடன் என்கிறீர்கள். இப்போது கடன் 3,06,000, கைப்பணம் 34,000. விலை 3,32,000 ஆனால் அதே 90%இல் கடன் 2,98,800, கைப்பணம் 33,200. முத்திரை வரி (2025 ஏப்ரல் விகிதம்) 2,000இலிருந்து 1,600. ஆக இன்று கையில் மிஞ்சுவது 1,200தான். மீதி மாதத் தவணையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரியும். இந்த ஐந்து மாத வாடகையை அது ஈடுகட்டாது, பாவம்.

ஏஜென்டுக்கு எழுத்தில் அனுப்புங்கள்: பழைய வட்டி, புது வட்டி, தவணை வித்தியாசம், கேட்கும் தொகை, நீங்கள் கையெழுத்திடத் தயாரான தேதி. கோபம் வேண்டாம், எண்கள் போதும்.

புதுக் கடன் கடிதம் வருமுன் விலையை முடித்துவிடுங்கள். பிறகு மாறினால் சொலிசிட்டர் வங்கிக்குச் சொல்லியே ஆகவேண்டும். வங்கி மறுபடி பரிசீலிக்கும், தாமதம் இன்னும் நீளும்.