சொந்த லேப்டாப், ஆபீஸ் நெட்வொர்க்: வாங்கிய பிறகு வரும் சிக்கல்

கேள்வி: ஆபீஸ் கணினி மிகவும் மெதுவாக இருந்ததால் சொந்தப் பணத்தில் ஒரு லேப்டாப் வாங்கினேன். "ஆபீஸ் வேலைக்கு இது தாராளமாகப் போதும்" என்று கடையில் சொன்னார்கள். ஆனால் எங்கள் ஐடி பிரிவில், "இது விண்டோஸ் ஹோம், டொமைனில் சேராது" என்கிறார்கள். கடைக்காரரோ, பொருளில் கோளாறு இல்லாததால் திரும்ப எடுக்க முடியாது என்கிறார். நான் என்ன செய்வது? (கோவை வாசகி)

பதில்: ஐடி பிரிவு சொல்வது சரிதான். டொமைன் என்பது ஆபீஸ் கணினிகளையும் யூசர்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் ஏற்பாடு; மைக்ரோசாஃப்டில் அதன் பெயர் ஆக்டிவ் டைரக்டரி. விண்டோஸ் 11 ஹோம் பதிப்பை அதில் சேர்க்க முடியாது. அதற்கு ப்ரோ அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு வேண்டும். கடைகளில் வீட்டு உபயோகத்துக்கு என்று விற்கும் லேப்டாப்களில் பெரும்பாலும் ஹோம்தான் இருக்கும். விலைச் சீட்டில் ராம், எஸ்எஸ்டி எல்லாம் பெரிதாக எழுதியிருக்கும். பதிப்பின் பெயர் எங்கோ ஓரத்தில் இருக்கும்.

உடனே செலவு செய்துவிடாதீர்கள். "டொமைனில் சேர்ந்தே ஆகவேண்டுமா, அல்லது ஃபைல் சர்வரும் பிரிண்டரும் கிடைத்தால் போதுமா?" என்று முதலில் ஐடி பிரிவிடம் கேளுங்கள். ஃபைல்தான் வேண்டும் என்றால், ஆபீஸ் யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து ஹோம் பதிப்பிலிருந்தே சர்வரின் பகிர்வு ஃபோல்டரைத் திறக்கலாம். பிரிண்டரையும் அதன் ஐபி முகவரி கொடுத்துச் சேர்க்கலாம். ஆபீஸில் உள்ள உங்கள் பழைய கணினியில் ப்ரோ இருந்தால், லேப்டாப்பிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அதற்குள் போய் வேலை செய்யலாம். ஹோம் பதிப்பால் இன்னொரு கணினிக்குள் போக முடியும். தன்னிடம் பிறரை வரவிட மட்டும்தான் முடியாது. இதற்கெல்லாம் ஆபீஸ் விதிகள் இடம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

டொமைன் கட்டாயம் என்றால் செட்டிங்ஸில் சிஸ்டம், ஆக்டிவேஷன் பகுதிக்குப் போனால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வழியாக ப்ரோவுக்கு மாறும் வசதி இருக்கிறது. உங்கள் ஃபைல்களும் மென்பொருள்களும் அப்படியே இருக்கும். ஆனாலும் ஒரு பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு "ப்ரோ கீ" என்று விற்பதை மட்டும் வாங்க வேண்டாம். நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுத்த உரிமங்கள் அப்படிக் கைமாறி வருவது உண்டு. இன்று ஆக்டிவேட் ஆகும், பிறகு ஒருநாள் செல்லாமல் போகலாம்.

இந்தச் செலவை நீங்கள் ஏற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. டொமைனில் சேர்ந்த கணினியில் ஆபீஸ் நிர்வாகிக்கு அட்மின் அதிகாரம் கிடைத்துவிடும். எந்த மென்பொருள் போடலாம், யூஎஸ்பி டிரைவ் செருகலாமா என்பதையெல்லாம் அவர்கள் தீர்மானிக்க முடியும். உங்கள் குடும்பப் படங்களும் வங்கி விவரங்களும் இருக்கும் கணினியை அப்படி ஒப்படைப்பது சரியல்ல. ஆபீஸ் வேலைக்குக் கணினி தருவது ஆபீஸின் பொறுப்பு. அதை எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், ப்ரோ செலவையாவது ஏற்கச் சொல்லுங்கள்.

அப்புறம் கடை விஷயம். பொருளில் குறை இல்லை என்று கடைக்காரர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஹோம் என்று எழுதி ஹோம்தானே கொடுத்திருக்கிறார். ஆனால் ஒரு பொருளுக்கு இல்லாத பயனை இருப்பதாகச் சொல்லி விற்பது, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். அதனால் நீங்கள் கேட்டது என்ன, அவர் சொன்னது என்ன என்பதுதான் முக்கியம். "ஆபீஸ் டொமைனில் சேருமா?" என்று நீங்கள் கேட்டு, "சேரும்" என்று அவர் வாட்ஸ்அப்பில் பதில் அனுப்பியிருந்தால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கும். பொதுவாக "ஆபீஸ் வேலைக்குப் போதும்" என்று வாய்வார்த்தையாகச் சொன்னது மட்டும் என்றால், வழக்கு நிற்பது கடினம்.

ஆதாரம் இருந்தால் முதலில் கடைக்கு எழுத்துமூலம் புகார் கொடுங்கள். ப்ரோ உள்ள லேப்டாப்பாக மாற்றித் தரவும், வித்தியாசத் தொகையை நீங்கள் கொடுக்கவும் ஒரு வழி பேசிப் பாருங்கள். பலிக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். பில் உங்கள் பெயரில் இருப்பது நல்லது. நிறுவனத்தின் பெயரில், அதன் ஜிஎஸ்டி எண்ணோடு போட்டிருந்தால், வணிக நோக்கில் வாங்கியது என்ற வாதம் வரும்.

கேள்வி: பேட்டரி நாள் முழுக்க நிற்கிறது என்பதால் ஸ்னாப்டிராகன் சிப் உள்ள விண்டோஸ் லேப்டாப் வாங்க நினைக்கிறேன். வீட்டிலிருந்து ஆபீஸ் விபிஎன்னில் வேலை செய்ய வேண்டும். வாங்கலாமா? (மதுரை வாசகர்)

பதில்: வீட்டிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குப் பாதுகாப்பாக இணைக்கும் அந்த விபிஎன் மென்பொருளின் பெயரையும் பதிப்பு எண்ணையும் ஐடி பிரிவிடம் வாங்கி, அதற்கு ஆர்ம் (ஸ்னாப்டிராகன் சிப்பின் வகை) பதிப்பு இருக்கிறதா என்று அந்த நிறுவனத்தின் தளத்தில் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். இன்டெல், ஏஎம்டி சிப்புக்காக எழுதிய சாதாரண மென்பொருள்கள் பலவும் ஆர்மில் ஓடிவிடும். ஆனால் கருவிகளையும் நெட்வொர்க்கையும் விண்டோஸோடு இணைத்து இயக்கும் டிரைவர்கள் அப்படி ஓடாது. ஆர்முக்கென்றே தனியாக எழுதியிருக்க வேண்டும். பல விபிஎன்களும், பழைய பிரிண்டர்களும், டிஜிட்டல் கையெழுத்து போட உதவும் யூஎஸ்பி டோக்கன்களும் டிரைவரை நம்பித்தான் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு ஆர்ம் டிரைவர் இல்லை என்றாலும், உங்கள் வேலைக்கு இன்டெல் அல்லது ஏஎம்டி சிப் உள்ளதையே வாங்குங்கள்.