முதல் எழுத்து எங்கே விழுகிறது? டிஎன்ஏ நகலெடுப்பு பற்றிக் கேள்வி பதில்

காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் இருபத்தாறு வருஷம் உயிரியல் எடுத்தேன். செல்லும் வைரஸும் தங்கள் டிஎன்ஏவை நகலெடுக்க எப்படித் தொடங்குகின்றன என்பது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நம் ஊர்களிலிருந்து வந்தவற்றில் சில இங்கே.

தேவகோட்டை, பிளஸ் டூ மாணவி: டீச்சர், நகலெடுப்பு ஒரு குறிப்பிட்ட இடத்தில் தொடங்கும் என்று புத்தகத்தில் ஒரே வரி இருக்கிறது. அந்த இடத்தைச் செல் எப்படிக் கண்டுபிடிக்கும்?

நல்ல கேள்வி கண்ணு. அந்த ஒரு வரியை அவசரமாகத் தாண்டிவிடாதே. டிஎன்ஏ என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வேதி எழுத்துகள் எதிரெதிரே ஜோடி சேர்ந்த இரட்டை இழை. ஈ.கோலை பாக்டீரியாவின் டிஎன்ஏ சுமார் 46 லட்சம் எழுத்துள்ள ஒரு வட்டம். அதில் தொடக்கத்துக்கென்று இருப்பது 245 எழுத்து அளவுள்ள ஒரு துண்டுதான். பெயர் ஓரி-சி. அங்கே ஒன்பது எழுத்துச் சொல் ஒன்று சிறு மாற்றங்களோடு திரும்பத் திரும்ப வரும். டிஎன்ஏ-ஏ என்ற புரதம் அந்தச் சொல்லைத் தடவிப் பார்த்து உட்காரும். ஒன்றல்ல, பல சேர்ந்து நெருக்கி உட்காரும்போது பக்கத்துப் பகுதி முறுக்குத் தாங்காமல் பிரிகிறது. அந்தப் பக்கத்துப் பகுதியில் ஏ, டி எழுத்துகள்தான் அதிகம். ஏ-டி ஜோடிக்கு இரண்டு பிணைப்பு, ஜி-சி ஜோடிக்கு மூன்று. பழைய துணியில் தையல் நைந்த இடம்தானே முதலில் விடும், அதுபோல. இழை பிரிந்ததும், மேலும் பிரித்துக்கொண்டே போகும் ஹெலிகேஸ் என்ற புரத வளையம் ஒவ்வொரு இழையிலும் மாட்டப்படுகிறது. அப்புறம் இரு திசையிலும் வேலை ஓடும். தொடங்க ஓர் இடம், அந்த இடத்தை அறிகிற ஒரு புரதம் என்ற இந்த யோசனையை ஜேக்கப், பிரென்னர், கூசான் என்ற மூன்று விஞ்ஞானிகள் 1963-லேயே முன்வைத்தார்கள்.

காரைக்குடி, பி.எஸ்சி. மாணவர்: ஈ.கோலை டிஎன்ஏவை நகலெடுக்க 40 நிமிஷம் ஆகும், ஆனால் அது 20 நிமிஷத்தில் இரண்டாகும் என்கிறார்கள். கணக்கு இடிக்கிறதே டீச்சர்?

இடிக்காது தம்பி. முதல் நகல் முடியும் முன்பே அடுத்த நகலைத் தொடங்கிவிடும். மகளுக்கான வேலை நடக்கும்போதே பேத்திக்கான வேலையும் தொடங்கியிருக்கும். அதற்காக இஷ்டத்துக்குத் தொடங்கவும் முடியாது. ஒருமுறை தொடங்கியதும் செக்-ஏ என்ற புரதம் புது ஓரி-சியைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துக்கொள்ளும்.

காரைக்குடி, கண்டாங்கி நெசவுக் குடும்பம்: அக்கா, என் மகன் பிரைமர், பிரைமர் என்று மனப்பாடம் செய்கிறான். எதற்கு அது?

உங்கள் தறியைப் பாருங்கள். பழைய பாவு முடியும்போது அதன் நூல் முனைகளில் புதுப் பாவின் நூலை ஒவ்வொன்றாக முடிந்து இழுத்துக்கொள்வீர்கள் இல்லையா? டிஎன்ஏவை எழுதும் பாலிமரேஸ் என்ற நொதியும் அப்படித்தான். இருக்கிற முனையில் சேர்க்கத் தெரியும், வெறும் இழையில் முதல் எழுத்தை வைக்கத் தெரியாது. ஆகவே பிரைமேஸ் என்ற இன்னொரு நொதி முதலில் சிறு ஆர்என்ஏ துண்டு ஒன்றை எழுதிக் கொடுக்கிறது. அதுதான் பிரைமர். பிற்பாடு அதை அகற்றி டிஎன்ஏவால் நிரப்பிவிடும். அடினோ வைரஸ் இந்த விஷயத்தில் வேறு வழி போகிறது. ஒரு புரதத்தின் மேலேயே முதல் எழுத்தைக் கட்டித் தொடங்கும். எத்தனை தடவை பாடம் எடுத்தாலும் எனக்கு இது வியப்புதான்.

கண்டனூர், கல்யாணச் சமையல் செய்பவர்: மனுஷ உடம்பிலும் ஒரே இடத்தில்தான் தொடங்குமா? ஒரே பகுதியை இரண்டு தடவை எழுதிவிடாதா?

ஒரே இடம் போதாது அண்ணே. நம் முதல் குரோமோசோமில் மட்டும் சுமார் 25 கோடி எழுத்து. நிமிஷத்துக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் எழுத்து வேகம். நடுவில் ஓரிடத்தில் மட்டும் தொடங்கினால் முடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். நம் செல்லோ எட்டு மணி நேரம் போல எடுத்துக்கொண்டு முடித்துவிடுகிறது. பல ஆயிரம் இடங்களில் தொடங்குவதால்தான் அது முடிகிறது.

இரண்டு தடவை என்ற உங்கள் சந்தேகம்தான் முக்கியமானது. பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆள் உட்காரும் முன் இலை போட்டுவிடுவீர்கள், அப்போது பரிமாறுவதில்லை. பரிமாறத் தொடங்கிய பிறகு அந்தப் பந்திக்குப் புது இலை கிடையாது. செல்லிலும் நகலெடுப்புக்கு முந்தைய ஜி1 கட்டத்தில் ஓஆர்சி என்ற புரதக் கூட்டம் தொடக்க இடங்களில் உட்கார்ந்து எம்சிஎம் என்ற ஹெலிகேஸ் வளையங்களை மாட்டும். அது இலை போடுவது. நகலெடுக்கும் எஸ் கட்டத்தில் சிடிகே என்ற நொதி ஏறியதும் வளையங்கள் ஓடத் தொடங்கும். அதே சிடிகே புது வளையம் மாட்டுவதையும் தடுத்துவிடும். ஒரே கைதான் பரிமாறவும் சொல்கிறது, இலைக்கட்டையும் எடுத்து உள்ளே வைக்கிறது. ஓஆர்சியை ஈஸ்டில் பெல்லும் ஸ்டில்மேனும் 1992-ல் கண்டார்கள்.

பள்ளத்தூர், ஒரு தாய்: கருப்பைவாய்ப் புற்று வராமலிருக்க மகளுக்கு ஹெச்பிவி வைரஸுக்கான தடுப்பூசி போடச் சொல்கிறார்கள். வைரஸ் உள்ளே போய்ப் பெருகிவிடாதா?

பெருகாது ஆச்சி, பயப்படாதீர்கள். ஊசியில் இருப்பது வைரஸின் வெளிக்கூட்டுப் புரதம் மட்டும். உள்ளே டிஎன்ஏ இல்லை, நகலெடுக்க எதுவுமே இல்லை.

உண்மையான வைரஸ் என்ன செய்யும் என்றால், அதன் ஈ2 புரதம் தொடக்க இடத்தைப் பிடித்து, ஈ1 என்ற ஹெலிகேஸை அங்கே கொண்டுவந்து வைக்கும். மற்ற எந்திரமெல்லாம் நம் செல்லுடையது. சில சமயம் வைரஸ் டிஎன்ஏ உடைந்து நம் குரோமோசோமுக்குள் சிக்கிக்கொள்ளும். அதில் ஈ2 பகுதி போய்விட்டால், அது அடக்கி வைத்திருந்த ஈ6, ஈ7 புரதங்கள் கட்டவிழ்ந்து செல்லைப் புற்றுப் பக்கம் தள்ளும். மகளுக்குப் போடுங்கள்.

ஆத்தங்குடி: எங்கள் நாய்க்குட்டி பார்வோவில் செத்துப் போனது. பெரிய நாய் தப்பித்தது. ஏன் டீச்சர்?

மனசு கஷ்டமாக இருக்கிறது. பார்வோ வைரஸுக்கு ஒற்றை இழை, ஐயாயிரம் எழுத்துதான். அதன் முனை கொண்டை ஊசி மாதிரி மடங்கித் தன் மேலேயே படியும். அந்த மடிந்த முனையே பிரைமர். ஆனால் சொந்தமாகப் பாலிமரேஸ் கிடையாது, செல்லை எஸ் கட்டத்துக்குத் தள்ளவும் தெரியாது. பிரிந்துகொண்டிருக்கும் செல்லில்தான் அதற்கு வேலை. வளரும் குட்டியின் குடலிலும் எலும்பு மஜ்ஜையிலும் அப்படிப்பட்ட செல்கள் நிறைய. பெரிய நாய்க்குப் பெரும்பாலும் முன்பே எதிர்ப்புச் சக்தி இருக்கும். அடுத்த குட்டிக்கு ஆறு வாரத்திலேயே தடுப்பூசியைத் தொடங்கிவிடுங்கள்.

கானாடுகாத்தான், ஒரு பெரியவர்: இடுப்பில் அக்கி வந்து, வேளார் வீட்டில் காவியால் அக்கி எழுதிக்கொண்டேன். டாக்டர் அசைக்ளோவிர் தந்தார். அது என்ன செய்யும் அம்மா?

ஐயா, சின்ன வயசில் வந்த சின்னம்மை வைரஸ் நரம்பு முடிச்சில் பதுங்கியிருந்து வயசான பிறகு எழுவதுதான் அக்கி. அசைக்ளோவிர் பார்வைக்கு டிஎன்ஏ எழுத்து மாதிரியே இருக்கும். வைரஸின் நொதிதான் முதலில் அதை முடுக்கிவிடும், அதனால் நோயில்லாத செல்லுக்கு அவ்வளவாகப் பாதிப்பில்லை. இழையில் சேர்ந்ததும் அடுத்த எழுத்தைக் கோக்க முனை இல்லாமல் நகல் நின்றுபோகும். இது தொடங்கிய பின் தடுப்பது. ஹெலிகேஸையும் பிரைமேஸையுமே பிடித்து நிறுத்தும் அமெனமெவிர் என்ற மருந்தை 2017-ல் ஜப்பான் அக்கிக்கு அனுமதித்தது.

காவி குளிர்ச்சியாக இருந்திருக்கும், ஆனால் அது வைரஸை எட்டாது. மாத்திரையைக் கொப்புளம் கண்ட மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். நடுவில் நிறுத்திவிடாதீர்கள். கண் பக்கம் வந்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போய்விடுங்கள்.