உங்கள் குடும்பத்து முன்னோர் யாரேனும் அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிப்பாயாக இருந்ததுண்டா?

என் பிறந்த வீட்டில் இல்லை. புகுந்த வீட்டில் உண்டு. என் கணவர் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தவர். அவருடைய அம்மாவின் கொள்ளுத்தாத்தா 1862 ஆகஸ்டில், தம் பத்தொன்பதாவது வயதில், மாதம் 13 டாலர் சம்பளத்துக்கு வடக்குத் தரப்பின் காலாட்படையில் சேர்ந்தவர். தெற்குத் தரப்பின் வசமிருந்த விக்ஸ்பர்க் நகரின் முற்றுகையில் குண்டடிபட்டுத்தான் அவர் உடம்பு கெட்டது என்று அந்த வீட்டில் தலைமுறைகளாகச் சொல்லி வந்தார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் மாமியாரை அழைத்துக்கொண்டு வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குச் சென்றோம். வடக்குப் படையினரின் ஓய்வூதியக் கோப்புகள் அங்கேதான் இருக்கின்றன. (தெற்குப் படையினருக்கு அந்தந்த மாநில அரசுகளே ஓய்வூதியம் கொடுத்தன, அவற்றை மாநிலக் காப்பகங்களில் தேட வேண்டும்.) கோப்பில் குண்டுக் காயம் என்ற பேச்சே இல்லை, தீராத வயிற்றுப்போக்கு என்றுதான் ஒவ்வொரு மருத்துவரும் எழுதியிருந்தார். 1863 தொடக்கத்தில் விக்ஸ்பர்க்கின் எதிர்க்கரையில், மிசிசிப்பி ஆற்றோரச் சதுப்பில் படை முகாமிட்டிருந்தபோது, வெள்ளத்தில் மூழ்காமல் எஞ்சியது கரையணை மட்டுமே என்பதால், இருப்பவர்கள் தங்கிய அதே கரையில்தான் இறந்தவர்களையும் புதைத்தார்கள். அங்கே நினைவிழந்து கிடந்த கொள்ளுத்தாத்தாவைத் தாமே சுமந்து சென்று மருத்துவப் படகில் ஏற்றியதாக, உடனிருந்த சிப்பாய் ஒருவர் உறுதிமொழி கொடுத்திருந்தார்.

மாமியாரின் முகம் வாடிவிட்டது. எனக்கோ அந்தக் கொள்ளுத்தாத்தா மீது மதிப்பு கூடியது. அந்தப் போரில் மாண்ட ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் நோயில் மடிந்தவர்கள். அவர்களின் துயரம் எந்த விதத்தில் குறைந்தது? அடிமை முறையை ஒழித்த தரப்பில் அவர் நின்றார் என்பதில் எங்களுக்குப் பெருமை உண்டு. ஆனால் அதற்காகத்தான் சேர்ந்தார் என்று சொல்ல அந்தக் கோப்பில் ஒரு வரியும் இல்லை என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லியிருக்கிறோம்.

அவர் 1899-இல் இறந்தார். 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி விதவைக்கு மாதம் 8 டாலரும், பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளை ஒவ்வொன்றுக்கும் 2 டாலரும் ஓய்வூதியமாகக் கொடுக்கப்பட்டன. கடைசி மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. அதை நிரூபிக்கப் பிறப்புச் சான்று கிடையாது. மாமியார் வீட்டுப் பழைய பைபிளில் பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு என்ற இரு பகுதிகளுக்கும் நடுவே ஒரு தாள் கிழிக்கப்பட்டு, பிசிறான ஓரம் மட்டும் நிற்கும். யார், எதற்குக் கிழித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்தத் தாள் நான்காக மடிக்கப்பட்டு இந்தக் கோப்பில் இருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடங்களிலெல்லாம் பெருக்கல் குறி மட்டுமே இட்டிருந்த அந்த அம்மாள், கணவர் பழுப்பு மையில் பிள்ளைகளின் பிறந்த நாள்களை எழுதி வைத்திருந்த ஒரே தாளைக் கிழித்து அரசாங்கத்துக்கு அனுப்பியிருக்கிறார்.

என் கணவர் கைப்பேசியில் இருந்த பைபிள் படத்தைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார், ஓரம் பொருந்தியது. இரண்டாவது வரியில் மாமியாருடைய தாத்தாவின் பெயர் இருந்தது. தாளில் பட்டுவிடாமல் அந்தப் பெயருக்கு நேர் மேலே விரலைப் பிடித்தபடி, காப்பகம் மூடும் நேரம் வரை மாமியார் அப்படியே உட்கார்ந்திருந்தார்.