புல்வெளிப் பேரரசுகளைப் படிக்க எங்கே தொடங்குவது?

கேள்வி: சீனாவுக்கு வடக்கே இருந்த ஷியோங்னு என்ற மேய்ச்சல் மக்கள் முதல் மங்கோலியர் வரை வரிசையாகப் படிக்கிறேன். ஒரே ஆளுக்கு மூன்று பெயர், ஆண்டுகளும் ஒத்துப்போகவில்லை. எதை நம்புவது?

பதில்: வரிசையில்தான் சிக்கல். ஷியோங்னு தங்களைப் பற்றி எழுதிய வரலாறு ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை. எதிரியான ஹான் சீனர் எழுதியதைத்தான் படிக்கிறீர்கள். (இவர்களே ஐரோப்பாவுக்குப் போன ஹூணர்கள் என்று அடித்துச் சொல்லும் நூலை ஓரமாக வையுங்கள்; அது இன்னும் தீராத வழக்கு.)

மேய்ச்சல் மக்கள் தாங்களே பேசும் இடத்தில் தொடங்குங்கள். மங்கோலியாவின் ஓர்கோன் பள்ளத்தாக்கில் 732இல் நட்ட, துருக்கிய இளவரசர் குல் தெகினின் நினைவுக் கல் அப்படிப்பட்டது. அதன் மேற்கு முகத்தில் சீனம்: பேரரசர் ஷுவான்சோங் இரங்கல் சொல்கிறார், இரு அரசர்களின் உறவு தந்தை-மகன் உறவு என்கிறார். மற்ற முகங்களில் பழைய துருக்கி: சீனரின் பேச்சு இனிப்பு, பட்டு மென்மை, அதில் மயங்கிச் செத்தவர் பலர் என்கிறது. இரண்டு மொழிபெயர்ப்புகளையும் ஒரே நாளில் படித்து, நோட்டில் இடமும் வலமுமாகக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தச் சான்றையும் எப்படிச் சந்தேகிப்பது என்பது அங்கேயே பிடிபடும்.

அடுத்து, மங்கோலியரே எழுதிய 'மங்கோலியரின் ரகசிய வரலாறு'. அதன்பின் பாரசீக மொழியில் வரலாறு எழுதிய ஜுவைனி, ஜுஸ்ஜானி இருவரையும் சேர்த்தே படிக்க வேண்டும். இருவரும் 1260ஐ ஒட்டி எழுதி முடித்தவர்கள். முன்னவர் மங்கோலியரிடம் பதவியில் இருந்தவர். பின்னவர் அவர்களிடமிருந்து தப்பி வந்து டெல்லி சுல்தான்களிடம் வேலை பார்த்தவர்.

பெயருக்கு ஆளுக்கொரு அட்டை போடுங்கள். மங்கோலிய மொழியில் தொலுய், சீனத்தில் துவோலெய், பாரசீகத்தில் தூலி; மூன்றும் ஒரே ஆள், செங்கிஸ் கானுக்குத் தலைமை மனைவி பெற்ற கடைசி மகன்தான்.

ஆண்டில் இரண்டு பொறிகள். ரகசிய வரலாறு 'எலி ஆண்டில்' எழுதியதாக முடிகிறது. எலி ஆண்டு 12 வருடத்துக்கு ஒருமுறை வரும். 1228, 1240, 1252 மூன்றும் பொருந்தும். நம்மூரில் வெறும் 'விகாரி வருஷம்' என்று எழுதிவைத்தால் வரும் அதே தொல்லை. செங்கிஸுக்குப் பின் 1229இல் பட்டமேறிய ஓகெதெயின் ஆட்சியும் அதில் வருவதால், 1228 என்றால் அந்தப் பகுதி பின்னால் சேர்த்ததாக இருக்க வேண்டும். இன்னொன்று ஹிஜ்ரி. பாக்தாத் மங்கோலியரிடம் வீழ்ந்தது ஹிஜ்ரி 656. அப்படியே 622ஐக் கூட்டினால் 1278 வந்து 20 ஆண்டு தவறும், ஏனெனில் ஹிஜ்ரி ஆண்டு சுமார் 11 நாள் குறைவு. முதலில் 0.97ஆல் பெருக்கிவிட்டு 622ஐக் கூட்டுங்கள்: 1258. இந்தக் கணக்கிலும் ஓராண்டு முன்பின் வரலாம்.

சாவு எண்ணிக்கைகளை மட்டும் கூட்டிப் பார்க்காதீர்கள். இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள ஹெராத் நகரில் மங்கோலியரால் செத்தவர்கள் 24 லட்சம் பேர் என்கிறார் ஜுஸ்ஜானி. பிற்காலத்து வரலாற்றாசிரியர் சைஃபி 16 லட்சம் என்கிறார். அந்தக் காலத்து ஹெராத்தால் அத்தனை பேருக்குச் சோறு போட்டிருக்கவே முடியாது. பயத்தின் அளவைத்தான் அந்த எண்கள் சொல்கின்றன.