மாலை அவருக்குத்தானே

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறேன். காலையில் வேலைக்குப் போகும்போது பேருந்தில் ஒலி 96.8 வானொலி கேட்பேன். பழைய காதல் பாட்டு வந்தால் கண் கலங்கிவிடுகிறது. கணவர் தவறி மூன்று வருடமாகிறது. இப்போதெல்லாம் பாட்டில் வரும் ‘நீ’யைக் கடவுள் என்று மாற்றிக்கொண்டு கேட்கிறேன். மனசு அடங்குகிறது. எங்கள் பஜனைக் குழுவில் மூத்தவர் ஒருவர், சினிமாப் பாட்டில் சாமியைத் தேடுவது பாவம் என்கிறார். தவறா ஐயா? இப்படிக் கேட்பதற்கு ஏற்ற பாடல்களின் பட்டியல் ஒன்று தருவீர்களா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

பாவமெல்லாம் இல்லை. அந்தப் பெரியவரிடம் வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். பட்டியலும் தரமாட்டேன்.

ஆனால் ‘மாற்றிக்கொண்டு’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. சில மாதங்களாக மாணிக்கவாசகரின் திருக்கோவையாரைத் திரும்பவும் படித்துக்கொண்டிருக்கிறேன். 400 பாட்டு. ஒருவன் ஒருத்தியைப் பார்க்கிறான், ஏங்குகிறான், அழைத்துக்கொண்டு போகிறான், பிரிகிறான், பரத்தை வீட்டுக்குப் போய்விட்டு வந்து வாசலில் நிற்கிறான். தில்லைக்கூத்தனான சிவன் பாட்டுக்குப் பாட்டு வருகிறான், ஆனால் காதலனாக வரவில்லை. அவன் பாட்டுடைத் தலைவன், பாட்டு புகழ்வது அவனை. காதலிக்கிறவன் கிளவித் தலைவன், பெயர்கூட இல்லாத ஓர் இளைஞன். திருவாசகத்தில் அப்படி அழுது கரைந்த மாணிக்கவாசகருக்கு, சிவனையே காதலனாக்கிவிட எவ்வளவு நேரமாகியிருக்கும்? செய்யவில்லையே! இரண்டு பேர் காதலிக்கட்டும், அது அவன் ஊரில் நடக்கட்டும் என்று விட்டுவிட்டார். பின்னால் வந்தவர்கள் உயிர் என்றும் சிவம் என்றும் பேரின்பப் பொருள் சொன்னார்கள். சொல்லட்டும். அந்த விளக்கத்தைப் படித்து மூடினால் அந்தப் பெண்ணின் முகமே எனக்குத் தெரிவதில்லை.

ஆண்டாள் நேரே பெருமாளைத்தானே கேட்டாள் என்பீர்கள். கேட்டாள். ‘மானிடவர்க்கென்று பேச்சுப்படில் வாழகில்லேன்’ என்றவள் அவள். அவள் மனசில் வேறு ஒரு மனிதன் இருந்ததே இல்லை. ஏற்கெனவே இருந்த ஒருவரை எழுப்பி அனுப்பிவிட்டு அந்த இடத்தில் சாமியை உட்காரவைக்கவில்லை. நீங்கள் அதைத்தான் செய்கிறீர்கள்.

என் அத்தை 1970களின் கடைசியில் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு பூக்கடையில் மாலை கட்டிக்கொண்டிருந்தார். ஈரச்சாக்கில் துளசியும் சாமந்தியும் குவிந்திருக்கும். வாழைநாரை இழுத்து இழுத்து வலது கட்டைவிரல் வெடித்திருக்கும். அதில் தேங்காயெண்ணெய் தடவியிருப்பார். பெருமாள் கோயிலுக்குப் போகவேண்டிய மாலையை நான் ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டேன். ஈரக்கையாலேயே முதுகில் ஒன்று வைத்தார். சாமி விஷயத்தில் அவ்வளவு கண்டிப்பு. ஆனால் மாலை கட்டும்போது அவர் வாயில் பாசுரம் வந்து நான் கேட்டதில்லை. வானொலியில் கேட்ட காதல் பாட்டுதான், ஒரு சொல் மாறாமல்.

“பெருமாள நெனச்சா அத்தை பாடுறீங்க?” என்று கேட்டேன்.

துளசியைக் கிள்ளி வைத்தபடியே சொன்னார்: “இல்லடா. ரஜூலா கப்பல்ல ஊருக்குப் போனாருல்ல ஒங்க மாமா, அவர நெனச்சு.”

போன மாமா திரும்பி வரவே இல்லை. அது எனக்கு அப்போதே தெரியும். இருந்தும், “அப்ப பெருமாளுக்கு?” என்றேன்.

“மாலை அவருக்குத்தானடா போவுது” என்று சொல்லிவிட்டு நாரைப் பல்லால் கடித்து அறுத்தார்.

இந்தக் கடிதத்தில் உங்கள் கணவருக்கு ஒரே ஒரு வரி கொடுத்திருக்கிறீர்கள் தங்கை. அதிலும் அவர் தவறியது மட்டும்தான் இருக்கிறது. நாளைக் காலையில் அந்தப் பாட்டு வந்தால் அவரை அப்படியே இருக்கவிடுங்கள். பேருந்தில் அழ வெட்கமாக இருந்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். பட்டியல் கேட்டீர்களே, அதை நீங்கள்தான் எனக்கு அனுப்பவேண்டும். சட்டை மாட்டும்போது அவர் எந்தப் பாட்டை முணுமுணுப்பார்? எந்த வரியில் சொல் மறந்துபோய் வெறும் ராகத்தை இழுப்பார்? எழுதுங்கள்.