ஜோ ஏன் மாறவில்லை?

வணக்கம். நான் எம்.ஏ. ஆங்கில இலக்கியம் முதலாமாண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டரில் டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ பாடம். வகுப்பில் கொடுத்த நோட்ஸில், கதையைச் சொல்லும் பிப் ரவுண்ட் கேரக்டர் (பல பக்கங்கள் உள்ள பாத்திரம்), அவனை வளர்க்கும் அக்கா கணவர், கொல்லர் ஜோ ஃபிளாட் கேரக்டர் (ஒரே குணத்தில் அடங்கிவிடும் பாத்திரம்), ஏனென்றால் ஜோ கடைசிவரை மாறவே இல்லை என்று இருக்கிறது. நின்றுபோன கடிகாரம் என்றால் நின்றுபோன காலம், மூடுபனி என்றால் குழப்பம் என்று குறியீடுகளுக்கும் ஒரு பட்டியல் உண்டு. ஆனால் படித்து முடித்தபோது என் மனதில் நின்றது ஜோதான். லண்டனில் கனவானாகிவிட்ட பிப், தன்னைப் பார்க்க வந்த அவரை நடத்தியதைப் படித்து அழுதுவிட்டேன். மாறாத ஒரு பாத்திரம் எப்படி இவ்வளவு பாதிக்கும்? நான் தவறாகப் படிக்கிறேனா?

க.

அன்புள்ள க.,

நீங்கள் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். நோட்ஸ்தான் பாதியில் நின்றுவிட்டது.

ஃபிளாட், ரவுண்ட் என்ற பிரிவினை இ.எம். ஃபார்ஸ்டர் 1927இல் வெளியிட்ட ‘ஆஸ்பெக்ட்ஸ் ஆஃப் த நாவல்’ நூலிலிருந்து வருவது. அதே நூலில் அவர் டிக்கன்ஸிடம் வந்து திகைத்து நிற்கிறார். இவருடைய ஆட்கள் ஏறக்குறைய எல்லோருமே ஃபிளாட், ஆனாலும் மனித ஆழம் இருப்பதுபோல் தோன்றுகிறதே என்று வியக்கிறார். அந்த வியப்பை விட்டுவிட்டு பிரிவினையை மட்டும் நோட்ஸில் ஏற்றிக்கொண்டோம்.

டிக்கன்ஸுக்கு ஒரு நடைமுறைத் தேவையும் இருந்தது. 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்ட் வரை, தான் நடத்திய ‘ஆல் த இயர் ரவுண்ட்’ இதழில் வாராவாரம் எழுதிய தொடர்கதை இது. ஏழு நாள் கழித்து அடுத்த இதழைத் திறக்கும் வாசகருக்கு ஆள் உடனே அடையாளம் தெரிய வேண்டும். அதனால்தான் வக்கீல் ஜாக்கர்ஸ் எப்போதும் ஆட்காட்டி விரலைக் கடிக்கிறார், கட்சிக்காரர் போனதும் வாசனை சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார். ஆனால் அந்தக் கை கழுவலை இரண்டாம் முறை பார்க்கும்போது, இந்த மனிதர் தினமும் எதையெல்லாம் தொட வேண்டியிருக்கிறது என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

ஜாக்கர்ஸின் குமாஸ்தா வெம்மிக்கைக் கவனித்தீர்களா? அலுவலகத்தில் அவருக்கு மரத்தில் செதுக்கிய முகம், தபால்பெட்டித் துவாரம் மாதிரி வாய். வால்வொர்த்தில் உள்ள வீட்டுக்குப் போனால் வேறு ஆள். சின்ன வீட்டைக் கோட்டையாக்கி, அகழி வெட்டி, பலகைப் பாலம் போட்டு, காது கேட்காத அப்பாவுக்காக இரவு ஒன்பது மணிக்கு பீரங்கி வெடிப்பவர். மறுநாள் காலை பிப்போடு அலுவலகத்துக்கு நடந்து வரும்போது வழியிலேயே கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, வாய் மறுபடி தபால்பெட்டி ஆகிவிடுகிறது. ஒரு மனிதர் நம் கண்ணெதிரே நடந்துகொண்டே ஃபிளாட் ஆகிறார்! இவரை எந்தக் கட்டத்தில் போடுவது? மனிதர்களைத் தட்டையாக்குவது அவர்கள் பார்க்கும் வேலை என்று டிக்கன்ஸுக்குத் தெரிந்திருக்கிறது, அதையே கதையாக எழுதியிருக்கிறார்.

சரி, ஜோவுக்கு வருவோம். ஏழாம் அத்தியாயத்தை மறுபடி எடுத்துப் படியுங்கள். அடுப்படியில் உட்கார்ந்து ஜோ சிறுவன் பிப்பிடம் தன் அப்பாவைப் பற்றிச் சொல்கிறார். குடித்துவிட்டு அம்மாவையும் மகனையும் அடித்து நொறுக்கியவர் அந்த அப்பா. அம்மா பட்ட பாட்டைப் பார்த்து வளர்ந்ததால், ஒரு பெண்ணுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் தவறிவிடுவேனோ என்று தனக்குப் பயம், தவறுவதாக இருந்தால் மறுபக்கமாகத் தவறிவிட்டுப் போகிறேன் என்கிறார். பிப்பின் அக்கா, அதாவது அவருடைய மனைவி, போடும் ஆட்டத்தையெல்லாம் அவர் பொறுத்துக்கொள்வது இதனால்தான். ஜோ மாறவில்லை என்கிறோம். அவர் மாற வேண்டிய இடத்தில் மாறி முடித்த பிறகுதான் நாவலே தொடங்குகிறது. அப்பாவைப் போல் ஆவதில்லை என்று ஒரு கொல்லர் எடுத்த முடிவு, அதைத் தினமும் காப்பாற்றும் உழைப்பு, இதைத்தான் நோட்ஸ் ‘மாற்றமில்லை’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறது. அந்த முடிவுக்கு ஒரு விலையும் உண்டு. அக்காவின் பிரம்படி பிப்பின் முதுகில் விழுகிறது, அதையெல்லாம் நானே வாங்கிக்கொள்ள முடிந்தால் நன்றாக இருக்குமே என்று ஜோ வருந்துகிறார், ஆனால் தடுப்பதில்லை. குறையே இல்லாத நல்லவராக டிக்கன்ஸ் அவரை எழுதவில்லை. எனக்கு அவரைப் பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ரவுண்ட் பாத்திரத்துக்கு ஃபார்ஸ்டர் வைத்த சோதனை, அது நம்பும்படியாக நம்மை வியக்கவைக்கிறதா என்பதுதான். நகைக்கடையில் பிப் வைத்த கடன் 123 பவுண்டு, 15 ஷில்லிங், 6 பென்ஸ். அதற்காகக் கைதுசெய்ய வந்தவர்கள், அவன் காய்ச்சலில் கிடப்பதைப் பார்க்கிறார்கள். ஜோ வந்து வாரக்கணக்கில் பணிவிடை செய்து, அவன் தேறியதும் கடனையும் அடைத்துவிட்டு, ஒரு சின்னக் கடிதத்தை வைத்துவிட்டு அவன் எழுமுன் கிளம்பிவிடுகிறார். எழுதத் தெரியாமல் இருந்தவர் அவர், பிடி (Biddy) என்ற ஊர்ப் பெண் கற்றுக்கொடுத்திருக்கிறாள். இதைப் படித்து வியக்காதவர் யார்?

நீங்கள் அழுத இடத்துக்கு இன்னொரு காரணம், கதையைச் சொல்பவன் வயதான பிப் என்பது. லண்டன் அறையில் ஜோவின் தொப்பி மாடத்திலிருந்து விழுந்துகொண்டே இருக்கிறது, அவர் ஒரு கணம் ‘பிப்’ என்றும் மறுகணம் ‘சார்’ என்றும் தடுமாறுகிறார். இளம் பிப்புக்கு எரிச்சல். அதை எழுதுகிறவனுக்கோ, தான் இயல்பாக இருந்திருந்தால் ஜோவும் இயல்பாக இருந்திருப்பார், தவறு என்னுடையதுதான் என்று தெரியும். ஒரே வாக்கியத்தில் அவமானப்படுத்துகிறவனும் அதற்காக வெட்கப்படுகிறவனும் இருக்கிறார்கள். இந்த நாவலின் பெரிய உத்தி இதுதான். கிளம்பும்போது ஜோ சொல்கிறாரே, வாழ்க்கை என்பது பிரிவுகளைப் பற்றவைத்து ஒட்டியது, ஒருவன் இரும்புக்கொல்லன், ஒருவன் பொற்கொல்லன் என்று, அந்த உவமை பட்டறையிலிருந்தே வருகிறது. வேறு யார் வாயிலும் அது பொருந்தாது.

குறியீட்டுப் பட்டியலைப் பற்றி ஒன்று மட்டும். எட்டு நாற்பதுக்கு நின்ற கடிகாரங்கள் தாமாக நிற்கவில்லை, திருமண நாளில் மணமகனால் கைவிடப்பட்ட மிஸ் ஹாவிஷாம் நிறுத்தினாள். தன் துயரத்தைக் குறியீடாக்கி வீடு முழுக்க அடுக்கி வைத்தவள் அவளே, அதை வகுப்பறை புதிதாகக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. அதைவிட அந்த அரத்தைத் தொடர்ந்து போங்கள். சிறுவன் பிப் பட்டறையிலிருந்து திருடித் தப்பிவந்த கைதி ஒருவனிடம் கொடுக்கிறான், அதை வைத்துக் கைதி விலங்கை அறுக்கிறான், பிறகு மதுக்கடையில் முன்பின் தெரியாத ஒருவன் அதே அரத்தால் கோப்பையைக் கலக்குகிறான், அறுந்த விலங்கு ஒருநாள் அக்காவின் மண்டையில் இறங்குகிறது. குற்ற உணர்ச்சியைப் போல அது பிப்பைத் துரத்துகிறது.

தேர்வில் என்ன எழுதுவது என்று கேட்பீர்கள். ஃபார்ஸ்டரின் சோதனையை ஒரு வரியில் சொல்லிவிட்டு, ஏழாம் அத்தியாயத்தையும் அந்த 123 பவுண்டையும் காட்டி, ஜோ அதில் தேறுகிறார் என்று எழுதுங்கள். நோட்ஸுக்கு எதிராக எழுதினால் மதிப்பெண் போகும் என்று பயப்பட வேண்டாம், ஆதாரம் நாவலிலேயே இருக்கிறது.

அப்புறம், அந்த லண்டன் அத்தியாயத்தில் ஒரு சின்ன இடம். ஊரைச் சுற்றிப் பார்த்தாயா என்று கேட்டதற்கு, ஷூ பாலிஷ் கம்பெனிக் கிடங்கைத்தான் நேராகப் போய்ப் பார்த்தோம் என்கிறார் ஜோ. அப்பா கடனுக்காகச் சிறையில் இருந்த 1824இல், பன்னிரண்டு வயது டிக்கன்ஸ் அப்படி ஒரு இடத்தில் பாலிஷ் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் வேலை பார்த்தார். உயிரோடு இருந்தவரை அதை ஊரறியச் சொல்லவில்லை. அவர் ஜோவைக் கொண்டுபோய் நிறுத்தியது அந்த மாதிரி ஒரு கிடங்கின் முன்னால்தான்.

அன்புடன்.