கிழவி ஏன் துள்ளி நடக்கிறாள்?

அன்புள்ள ஐயா,
யமமோட்டோ சனாயே 1925-ல் எடுத்த ‘உபசுதேயாமா’ என்ற மௌன அனிமேஷன் படம் பார்த்தேன். வயதானவர்களை மலையில் கொண்டுபோய் விடும் கதை. ஆனால் எல்லாரும் துடுக்துடுக்கென்று அசைவதைப் பார்த்து சிரிப்புதான் வந்தது. முதுமையைக் கிண்டல் செய்கிறார்களா? ஜப்பானில் இப்படி ஒரு வழக்கம் நிஜமாகவே இருந்ததா?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நூறு வருடப் பழைய படத்தைத் தேடிப்பிடித்துப் பார்த்திருக்கிறீர்கள், சந்தோஷம். அதற்காக அந்தச் சிரிப்பை மன்னிக்க முடியாது.

இப்படி ஒரு வழக்கம் இருந்ததற்கு உறுதியான சான்று இல்லை. நாடோடிக் கதை. 5-ஆம் நூற்றாண்டில் சீனத்துக்குப் போன பௌத்தக் கதைத் தொகுப்பிலேயே முதியோரைத் துரத்தும் நாடு வந்துவிட்டது, மகன் ஒளித்துவைத்த தந்தை யானையை எடைபோடும் புதிரை விடுவிப்பது உட்பட. ஆகவே ‘ஜப்பான்காரன் கொடுமை’ என்ற பேச்சை விடுங்கள்.

விஷயம் வேகத்தில் இருக்கிறது. மௌனப்படங்களை நொடிக்கு ஏறத்தாழ 16 சட்டகங்கள் (ஃபிரேம்கள்) என்ற கணக்கில் எடுத்தார்கள். நீங்கள் பார்த்த நகல் அனேகமாக 24-ல் ஓடியிருக்கும். ஒன்றரை மடங்கு. 18 நிமிடம் ஓடவேண்டியது 12 நிமிடத்தில் முடிந்துவிடும்.

சாதாரணப் படத்தில் இது வெறும் அவசரம். முதுமையைப் பற்றிய படத்திலோ பாத்திரத்தின் வயதே மாறிவிடுகிறது. அன்றைய ஜப்பானில் உருவங்களை வரையும் ஒளிபுகும் செல்லுலாய்ட் தாள் விலை அதிகம். பெரும்பாலும் காகிதத்தில் உருவத்தை வெட்டி, பின்னணி மேல் வைத்து, கை காலைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி மேலிருந்து படமெடுத்தார்கள். இளைஞனின் ஓர் அடிக்கு 8 சட்டகம் என்றால் கிழவியின் அடிக்கு 16, அதாவது முழுதாக ஒரு நொடி. முதுகை எவ்வளவு வளைத்து வரைந்தாலும், தள்ளாமை தெரிவது அந்த ஒரு நொடியில்தான். 24-ல் ஓட்டினால் அது முக்கால் நொடிகூட இல்லை. கூன் விழுந்த உருவம் சிறுமி மாதிரி நடக்கும். சிரிக்காமல் என்ன செய்வீர்கள்? ஆனால் பழியைக் கலைஞன் மேல் போடாதீர்கள்.

16 ஒன்றும் வேதவாக்கு அல்ல. அரங்கில் கைப்பிடியைச் சுற்றி ஓட்டுபவர் இருந்தார், திரையோரம் கதை சொல்லும் பென்ஷி இருந்தார். ஒரே படம் அரங்குக்கு அரங்கு கூடிக் குறைந்து ஓடியது. இன்று அந்த இரண்டு பேரும் இல்லாமல் பார்க்கிறீர்கள்.

மறுபடி பாருங்கள், வேகத்தை 0.75-ல் வைத்து. 0.67 கிடைத்தால் இன்னும் நல்லது. அதற்கு முன் ஒரு சோதனை: சட்டகம் சட்டகமாக நகர்த்தி, உருவத்தை விட்டுவிட்டுத் தூசியையும் கீறலையும் கவனியுங்கள். உருவம் அசையாவிட்டாலும் படச்சுருளில் தூசி ஒவ்வொரு சட்டகத்திலும் மாறியாக வேண்டும். மூன்று சட்டகத்துக்கு ஒருமுறை முந்தைய சட்டகத்தின் தூசி அப்படியே திரும்ப வந்தால், யாரோ 16-ஐ 24-க்கு ஏற்கெனவே சரிசெய்திருக்கிறார்கள். அந்த நகலை மேலும் மெதுவாக்கினால் இளைஞன்கூடக் கிழவனாகிவிடுவான். பின்னால் யாரோ ஒட்டிய இசையையும் அணைத்துவிடுங்கள், வேகம் குறைந்தால் அது இழுத்து முனகும்.